கூடுதலாக வந்த அட்வான்ஸ்: தனியாகத் தொழில் செய்பவர்கள் ஏமாறாமல் இருக்க

“தம்பி, கை தவறி ஒரு சைபர் கூடிவிட்டது. ஐயாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் போட்டுவிட்டேன். மீதியை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.”

ஒரு சனிக்கிழமை மாலை ஆறே முக்கால் மணிக்கு இந்தப் பேச்சைக் கேட்டபோது பாபநாசத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் நின்றிருந்தேன். கையில் கேமரா, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். சீக்கிரம் படம் எடுங்கள் என்று பெண் வீட்டார் மேடையிலிருந்து கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். பேசியவர் இரண்டு நாளுக்கு முன்பே அழைத்து, தான் ராணுவத்தில் சுபேதார் என்றும் தஞ்சாவூரில் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா என்றும் சொல்லி 22,000 ரூபாய்க்கு வேலையை உறுதி செய்திருந்தார். போனைப் பார்த்தேன். என் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களோடு ‘ரூ. 50,000 வரவு’ என்று குறுஞ்செய்தி இருந்தது. 20,000 அனுப்பினேன். பிறகு 15,000. மூன்றாவதாக 10,000 அனுப்பப் போனபோது ‘கணக்கில் போதிய இருப்பு இல்லை’ என்று வந்தது. ஐம்பதாயிரம் வந்த கணக்கில் பத்தாயிரத்துக்கு வழியில்லையா என்று அப்போதுதான் உறைத்தது.

ஐம்பதாயிரம் வரவே இல்லை. போன 35,000 ரூபாயும் என்னுடையது. சைபர் குற்றம் என்ற பெயர் என் விஷயத்தில் இரட்டிப்புப் பொருத்தம்.

புகைப்படக்காரர், ஒப்பனைக் கலைஞர், டியூஷன் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஏ.சி. பழுது பார்ப்பவர், இணையதளம் வடிவமைப்பவர் என்று அட்வான்ஸ் வாங்கி வேலை செய்கிற எல்லோருக்கும் இந்த அழைப்பு வருகிறது. முன்பின் தெரியாதவரிடம் பணம் வாங்குவதுதான் நம் பிழைப்பு. நம் எண் ஊரெல்லாம் கிடைக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால், முதல் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. விசாரிக்கும் அழைப்பிலேயே சந்தேகப்படுங்கள்

என்னை ஏமாற்றியவர் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. நம் ஊரில் பேரம் பேசாமல் மகள் சடங்குக்குப் படம் எடுக்கச் சொன்ன தகப்பனை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அன்று மட்டும் அது எனக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது. நான் எடுத்த பழைய ஆல்பம் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நான் கேட்காமலே ராணுவ அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நிஜ வாடிக்கையாளர் அடையாள அட்டை அனுப்பமாட்டார். மண்டபத்தின் பெயரையும் மாமாவின் எண்ணையும்தான் அனுப்புவார்.

இன்னொன்று. “கணக்கு எண்ணை அனுப்புங்கள், அலுவலகக் கணக்கிலிருந்து போடுவார்கள்” என்றார். அனுப்பினேன். அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத்தான் போலிக் குறுஞ்செய்தியில் போட்டிருந்தார். செய்தியை நான் நம்பியதற்கு அந்த நான்கு இலக்கங்களே காரணம், அவற்றைக் கொடுத்ததும் நானே.

உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திருங்கள். நான் இப்போது கேட்பது: “மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா, விளக்குக்கு லைன் எங்கிருந்து எடுப்பது? மண்டப மேலாளர் எண்ணைக் கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.” டியூஷன் எடுப்பவர் பிள்ளையோடு இரண்டு நிமிடம் பேசவேண்டும் என்று கேட்கலாம். விழா உண்மையானால் பதில் உடனே வரும். இல்லையென்றால் பேச்சு மறுபடி பணத்துக்கே திரும்பும்.

2. அட்வான்சுக்கென்று ஒரு தனிக் கணக்கு

என் சேமிப்பு, வீட்டு வாடகை, அட்வான்ஸ் எல்லாம் ஒரே கணக்கில் கிடந்தன. அதனால்தான் 35,000 போனது. இப்போது குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத ஒரு கணக்கைத் தனியாக வைத்திருக்கிறேன். வாடிக்கையாளருக்குக் கொடுப்பது இந்தக் கணக்கின் கியூஆர் குறியீடு மட்டும். இரவு படுக்கப் போகுமுன் அதிலிருப்பதை மற்றக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். யாராவது ஏமாற்றினாலும் அங்கே இருப்பதற்கு மேல் எடுக்க முடியாது. யூபிஐ வழியாக ஒரு நாளில் பொதுவாக ஒரு லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். நமக்கு அவ்வளவு எதற்கு? பல வங்கிகளின் செயலியிலேயே அந்த வரம்பைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

பணம் ஏறியதும் தொகையைச் சத்தமாகச் சொல்லுமே, கடைகளில் வைத்திருக்கும் அந்த ஒலிப்பெட்டியை ஸ்டூடியோவில் வைத்தேன். மாத வாடகை 100 ரூபாய். போலிக் குறுஞ்செய்திக்கு அந்தப் பெட்டி வாய் திறக்காது.

முன்பதிவுச் சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “சொன்ன தொகைக்கு மேல் செலுத்தப்பட்டால், வங்கி வழியாக, வந்த கணக்குக்கே திருப்பப்படும்.” அச்சடிக்கவேண்டியதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். மோசடிக்காரர் பாதிப்பேர் இந்த வரியைப் படித்ததும் காணாமல் போகிறார்கள்.

3. பணம் வந்ததா என்று எங்கே பார்ப்பது

குறுஞ்செய்தியில் பார்க்காதீர்கள். எதிராளி அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்கவே பார்க்காதீர்கள்; ‘பணம் சென்றுவிட்டது’ என்று பச்சை டிக் போட்டுக் காட்டும் போலிச் செயலிகளே இருக்கின்றன. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பையும் கடைசிப் பரிவர்த்தனைகளையும் பாருங்கள். செயலி இல்லையென்றால், பதிவு செய்த எண்ணிலிருந்து வங்கியின் மிஸ்டு கால் எண்ணை அழைத்தால் இருப்பு வரும். இரண்டுமே செலவில்லாதவை, ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர் எனக்குக் கொடுக்கவில்லை. “டீசலுக்குப் பணம் இல்லாமல் டிரைவர் வழியில் நிற்கிறான் தம்பி” என்று போனை வைக்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

குறுஞ்செய்தியின் அனுப்புநர் பெயரையும் பார்க்கப் பழகுங்கள். வங்கிச் செய்தி பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. முன்னால் இரண்டு எழுத்து, ஒரு கோடு, வங்கியின் சுருக்கப்பெயர் என்று வரும். 2025 மே மாதம் முதல் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது: டி என்றால் பரிவர்த்தனை, எஸ் என்றால் சேவை, பி விளம்பரம், ஜி அரசு. எனக்கு வந்த செய்தி சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்தது. எண்ணை நான் பார்க்கவே இல்லை. ஆனாலும் பெயர் சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடவேண்டாம். இருப்பைப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

“நெஃப்ட்டில் போட்டிருக்கிறேன், திங்கட்கிழமைதான் ஏறும், அதற்குள் மீதியைக் கொடுங்கள்” என்பார்கள் சிலர். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் இந்த நெஃப்ட் முறை 2019 டிசம்பர் முதல் ஞாயிறு, விடுமுறை எல்லா நாளும் 24 மணி நேரமும் அரைமணிக்கு ஒரு தவணையாக ஓடுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் வராத பணம் அனேகமாக அனுப்பப்படாத பணம்.

பணம் வாங்க யூபிஐ ரகசிய எண்ணை (பின்) போடத் தேவையில்லை, கியூஆர் குறியீட்டை நீங்கள் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. “ராணுவ விதிப்படி முதலில் நீங்கள் ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரண்டு ரூபாயாகத் திரும்பும்” என்று பழக்கிவிட்டு, அடுத்து பெரிய தொகையைப் பிடுங்குவது இதே கும்பலின் இன்னொரு வகை. தனிநபர் இன்னொருவரிடம் யூபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு கியூஆர் படம் அனுப்புவதுதான் அதிகமாகியிருக்கிறது.

4. காசோலை வந்தால்

இதில் வரும் குறுஞ்செய்தி நிஜமாகவே வங்கியிலிருந்து வரும். அதனால் ஏமாறுவது இன்னும் சுலபம். வேலைக்கு 25,000 பேசியிருப்பார். 85,000 ரூபாய்க்குக் காசோலையை உங்கள் கணக்கில் போட்டுவிட்டு ரசீதின் படத்தை அனுப்புவார். “காசோலை பெறப்பட்டது, வசூலானபின் வரவு வைக்கப்படும்” என்று வங்கியும் செய்தி அனுப்பும். பின்பாதியை யாரும் படிப்பதில்லை. அதற்குள் “அறுபதாயிரத்தைப் பந்தல்காரருக்கு அனுப்பிவிடுங்கள்” என்று அழைப்பு வரும்.

2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் பெரும்பாலும் அன்றே தீர்வாகிவிடுகின்றன. எனவே காத்திருப்பதில் நமக்கு நஷ்டமில்லை. செயலியில் மொத்த இருப்பு, பயன்படுத்தத்தக்க இருப்பு என்று இரண்டு தொகை தெரியும், இரண்டாவதைப் பாருங்கள். அதிலும் ஏறிவிட்டது என்றால்கூடக் கிளையில் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு வேலையும் தொடங்காதீர்கள். காசோலை திரும்பினால் போட்ட நமக்கும் கட்டணம் பிடிப்பார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம்; வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஆனால் திருட்டுக் காசோலை என்றால் நோட்டீஸ் அனுப்ப முகவரி யாருடையது?

சொன்ன தொகைக்கு மேல் எழுதிய காசோலையை நான் இப்போது வாங்குவதே இல்லை.

5. பணம் நிஜமாகவே கூடுதலாக வந்துவிட்டால்

பெரும்பாலானோர் கவனிக்காத இடம் இதுதான். எனக்குத் தெரிந்த கும்பகோணத்து ஒப்பனைக் கலைஞர் ஒருவர் என்னைவிடக் கவனமானவர். 8,000 ரூபாய் அட்வான்சுக்கு 40,000 வந்தது. செயலியைத் திறந்து பார்த்தார், பணம் இருந்தது. நல்ல மனுஷியாக, கேட்டவர் கொடுத்த வேறொரு எண்ணுக்கு 32,000 அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் அவர் கணக்கு முடங்கியது. அந்த நாற்பதாயிரம் வேறொரு மாநிலத்தில் யாரோ ஒருவரிடம் திருடிய பணம். திருட்டுப் பணம் போன வழியில் இவர் கணக்கும் ஒரு படி. சொந்தப் பணத்தை எடுக்க அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை மகள் பள்ளிக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினார்.

ஆகவே, பணம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபின்னும் கையால் திருப்பி அனுப்பவேண்டாம். செய்யவேண்டியது இது. அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், செலவழிக்கவும் கூடாது. அனுப்பியவரிடம், “உங்கள் வங்கியில் தவறான பரிவர்த்தனை என்று புகார் கொடுங்கள், என் வங்கி கேட்டதும் சம்மதம் தருகிறேன்” என்று எழுத்தில் சொல்லுங்கள். நிஜமாகவே கைதவறியவருக்கு இது நல்ல வழி. அவருக்கு ஒரு செலவும் இல்லை. பிறகு உங்கள் கிளைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நான் வைத்திருக்கும் மாதிரி:

“என் கணக்கு எண் ____-இல் ____ தேதி ____ மணிக்கு ரூ. ____ வரவாகியுள்ளது. பரிவர்த்தனை எண் ____. இதில் ரூ. ____ மட்டுமே எனக்குச் சேரவேண்டியது. மீதி ரூ. ____ எனக்குரியதல்ல. பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கு மட்டும் அதைத் திருப்ப இதன்மூலம் சம்மதிக்கிறேன்.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். “இதற்கெல்லாம் கடிதமா” என்று கவுன்ட்டரில் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். கிளையில் வாங்க மறுத்தால் வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், தேதி பதிவாகிவிடும். “போலீசில் சொல்வேன்” என்று எதிராளி மிரட்டினால் தாராளமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கணக்கு ஏற்கெனவே முடங்கிவிட்டதா? எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகைக்கு என்ற மூன்றையும் கிளையில் எழுத்தில் கேளுங்கள். முன்பதிவுச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், கணக்கு அறிக்கை, ஆதார் நகல் ஆகியவற்றோடு அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, தகராறிலுள்ள தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கும்படி கேளுங்கள். ஒப்பனைக் கலைஞர் முதல் ஒன்றரை மாதத்தை வங்கியோடு சண்டை போடுவதில் கழித்தார். போலீஸ் சொல்லித்தான் வங்கி முடக்கியது, தானாகத் திறக்க அதனால் முடியாது.

6. வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால்

மொழிபெயர்ப்பு, இணையதள வடிவமைப்பு செய்பவர்களுக்கு வரும் மின்னஞ்சலில் கதை ஒரே அச்சு. எனக்குக் காது கேட்காது, அல்லது ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அதனால் போனில் பேச முடியாது. இணையதளத்துக்கான படங்களும் எழுத்தும் ஓர் ஆலோசகரிடம் இருக்கின்றன. அவர் கிரெடிட் கார்டு வாங்கமாட்டார். நீங்கள் என் கார்டிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொண்டு அவர் பங்கை அனுப்பிவிடுங்கள். கார்டு திருட்டுக் கார்டு, ஆலோசகரும் அவரே. கார்டின் உரிமையாளர் பொதுவாக 120 நாள் வரை மறுப்புத் தெரிவிக்கலாம். மூன்று மாதம் கழித்துப் பணம் முழுவதையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆலோசகருக்குப் போனது போனதுதான். வெளிநாட்டுக் காசோலை வாரக்கணக்கில் இழுக்கும், அதையும் வாங்கவேண்டாம். மூன்றாம் ஆளுக்கு உங்கள் கையால் பணம் கொடுக்கச் சொல்கிற எந்த வேலையும் வேலை அல்ல.

7. ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. நான் நாற்பது நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். உதவிக்கு வந்த பையன்தான், “அண்ணே, முதலில் 1930-க்குப் போடுங்கள்” என்று போனைக் கையில் திணித்தான்.

1930 என்பது இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். கட்டணம் கிடையாது. லைன் கிடைக்காவிட்டால் விடாமல் அழையுங்கள். கையில் இருக்கவேண்டியவை: உங்கள் வங்கி, கணக்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் தொகை, நேரம், 12 இலக்க எண், பணம் போன யூபிஐ முகவரி. இந்த 12 இலக்க எண்ணைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருப்பார்கள். பரிவர்த்தனையைத் தொட்டால் கீழே இருக்கும். புகார் பதிவானதும் ஒப்புகை எண் வரும். அதைக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் ஆவணங்களோடு பதிவேற்றுங்கள். போனில் சொன்னதே போதும் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

அதே மூச்சில் வங்கியிலும் சொல்லுங்கள். எண்ணை டெபிட் கார்டின் பின்புறம் பார்த்து அழையுங்கள். கூகுளில் தேடினால் போலி வாடிக்கையாளர் சேவை எண்களில் இன்னொரு முறை மாட்டுவீர்கள். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தந்துவிடும் என்று நண்பர்கள் தெம்பு சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை அது. உங்களுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கானது. நாமே பின் எண் போட்டு அனுப்பியதற்குச் செல்லாது என்று கிளை மேலாளர் என்னிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். சொன்னது சரிதான். புகாருக்கு வங்கி 30 நாளில் பதிலே தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதுவும் இலவசம், விவரத்துக்கு 14448.

பிறகு மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம். உரையாடல்களை அழிக்காதீர்கள், எதிராளி அழிக்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அச்சுக்கும் நகலுக்கும் 140 ரூபாய் ஆயிற்று. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

35,000-இல் 12,500 ரூபாய் வழியில் ஒரு கணக்கில் சிக்கியது. அதை விடுவிக்க நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டியிருந்தது. வழக்கறிஞருக்கு 3,500, நான்கு முறை அலைச்சல், எட்டு மாதம். மீதி 22,500 வரவில்லை. நடுவில் ‘மீட்பு அதிகாரி’ என்று ஒருவர் அழைத்து, 2,000 ரூபாய் கட்டினால் மொத்தத்தையும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். புகார் கொடுத்த எவருக்கும் இந்த அழைப்பும் வரும்.

போன மாதம் ஒரு முகூர்த்த நாளில் அதே குரல் மறுபடி அழைத்தது. இந்த முறை பெயர் வேறு, விமானப்படை, மகனுக்குப் பிறந்தநாள். மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். “அதெல்லாம் இருக்கும் தம்பி, கணக்கு எண்ணை அனுப்புங்கள்” என்றார். மேலாளர் எண்ணைக் கேட்டதும் வைத்துவிட்டார். பணம் போகாத, வெறும் சந்தேக அழைப்புகளைப் பதிய, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி இருக்கிறது. அழைப்பு வந்த 30 நாளுக்குள் பதியவேண்டும். எண், தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட், ஓடிபி, அவ்வளவுதான். மண்டபத்து வாசலில் நின்றபடியே பதிந்துவிட்டுப் படம் எடுக்க உள்ளே போனேன்.